சுந்தரிக்குத் துணை வந்த கதை

எங்கள் கடலூர் வீட்டுச் சுந்தரி வாசற்படி தாண்டாத பூனை. பெண் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து பகலெல்லாம் ஜன்னலைப் பார்த்துக் கத்திக் கொண்டிருந்தாள். 2024-ல் ஃபெஞ்சல் புயல் மழையின்போது, சிதம்பரத்தில் என் நாத்தனார் வீட்டுக் கொல்லையில் ஒரு குட்டி நனைந்து நடுங்கிக் கிடந்ததாம். மழை விட்டபின் போயிருந்தேன். "அண்ணி, உங்க சுந்தரிக்குத் துணையாச்சு, எடுத்துட்டுப் போங்க" என்றாள். கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டு வந்தேன்.

அங்கேதான் தப்புப் பண்ணினேன். கூடையை நேரே சுந்தரி முன்னால் திறந்து விட்டேன். அவள் வாலை உப்பிக்கொண்டு சீறி, பீரோ மேல் ஏறியவள்தான்; மறுநாள் வரை சோறு தொடவில்லை. "சக்களத்தியைக் கொண்டாந்து நிறுத்தினா யாருதான் பொறுத்துக்குவாங்க?" என்று வீட்டுக்காரர் கேலி. எனக்கோ அழுகை. பூனை நாள் கணக்கில் பட்டினி கிடந்தால் ஈரலைத் தாக்கும் என்று கால்நடை டாக்டர் வேறு பயமுறுத்தினார்.

டாக்டர் சொன்னபடி குட்டியைப் பின்னறையில் இரண்டு வாரம் தனியே வைத்தேன். நோய் ஏதும் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடுமாம். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி. குட்டி படுத்த துணியைச் சுந்தரியிடமும் அவள் துணியைக் குட்டியிடமும் போட்டு வைத்தேன், வாசனை பழகட்டும் என்று. மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. மணல் தொட்டி ஆளுக்கொன்று, உபரியாக இன்னொன்று. பால் மட்டும் வேண்டாமாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காதாம். (இத்தனை வருஷமாகச் சுந்தரிக்கு ஊற்றிய பாலை நினைத்துக் கொண்டேன்!)

பதினேழாம் நாள் கதவைத் திறந்தேன். சுந்தரி மெல்ல வந்து முகர்ந்தாள், தலையில் ஒரு தட்டுத் தட்டினாள், நகர்ந்து போனாள். அவ்வளவுதான். இப்போதும் ஒரே பாயில், நடுவில் ஒரு முழம் விட்டுத்தான் படுக்கிறார்கள். ஜன்னலைப் பார்த்துக் கத்துவது மட்டும் நின்றுவிட்டது.