தரங்கம்பாடி: கோட்டையைத் தாண்டியும் ஓர் ஊர்

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடிந்து, பந்தியும் முடிந்த பிறகு, அப்படியே கடலையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வேனைத் திருப்பும் குடும்பங்களுக்குத் தரங்கம்பாடிதான் வழக்கமான இடம். நகர வாசலுக்குள் நுழைந்து, ராஜ வீதியில் நேராக வந்து, கோட்டை முன்னால் இறங்குவார்கள். குழந்தைகள் பீரங்கிமேல் ஏறும். பெரியவர்கள் கோட்டைச் சுவரைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். சுண்டல் பொட்டலம் தீர்வதற்குள் வண்டி கிளம்பிவிடும்.

மத்தியதரைக் கடலில் மால்டா என்றொரு தீவு நாடு இருக்கிறது. மக்கள்தொகை ஐந்து லட்சத்துச் சொச்சம்தான்; ஆண்டுக்கு வரும் பயணிகள் 20 லட்சத்துக்கும் மேல். அவர்கள் அங்கே தேடிப்போவது பழைய கோட்டை, கல் வீடுகள், தேவாலயங்கள், மீனவர் துறை, கடல். அத்தனையும் தரங்கம்பாடியில் உண்டு. நடந்தே பார்த்துவிடக்கூடிய அளவில், நெல் வயல்களின் ஓரத்தில், மாயவரம் என்ற மயிலாடுதுறையிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் உண்டு. மால்டாவுக்குப் போகிறவர் நாலு நாள் தங்கித் தெருத்தெருவாக நடக்கிறார். இங்கே வருகிறவர் கோட்டையோடு திரும்பிவிடுகிறார்.

நிர்வாக வரலாறு சுருக்கமானது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் டேனிஷ்காரர்கள் இடம் பெற்றார்கள். 1845-இல் வங்கத்தில் இருந்த குடியிருப்போடு சேர்த்து ஆங்கிலேயரிடம் ரூ. 12.5 லட்சத்துக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 2020-இலிருந்து ஊர் மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது.

அந்த 1620-க்குப் பின்னால் மட்டும் ஒரு கதை உண்டு. டேனிஷ் கப்பல்கள் புறப்பட்டது இலங்கைக்கு. கண்டி அரசரோடு உடன்பாடு செய்துகொள்ளலாம் என்ற நம்பிக்கை அங்கே பொய்த்துப்போனது. அதற்கிடையில் முன்னால் வந்த ஒரு கப்பலைக் காரைக்கால் அருகே போர்த்துகீசியர் மூழ்கடித்தார்கள். அதிலிருந்து பிழைத்துக் கரையேறிய ரோலண்ட் கிராப்பே என்ற வணிகர் தஞ்சை அரண்மனைக்கு வந்து சேர்ந்தார். அவர் போட்ட அடித்தளத்தின்மேல்தான் தளபதி ஓவ கெட்டே ஒப்பந்தம் முடித்தார். டென்மார்க் அரசருக்கு ரகுநாத நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மிளகும் துணியும் வாங்க வந்தவர்கள் கட்டியது டான்ஸ்போர்க் என்ற அந்தக் கோட்டை.

ஆனால் ஊர் அவர்களுக்கு முந்தியது. கோட்டைக்கு வடக்கே, கடலை ஒட்டி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் சொல்கிறது. கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பாண்டியர் கட்டிய நாளில் கோயிலுக்கும் அலைக்கும் நடுவே தெருக்கள் இருந்திருக்க வேண்டும்; இன்று இருப்பது கொட்டிய பாறைகள்தான். பிற்காலத்தில் திருப்பணி நடந்து வழிபாடு தொடர்கிறது. அலை பெரிதாக அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் பாறைகளில் மோதித் தெறிக்கும் நீர்த்துளி மதில்வரை வருகிறது. உப்புக்காற்று பட்ட கல், விரலால் தடவினால் மாவாக உதிர்கிறது.

தரங்கம்பாடியின் உண்மையான பெருமை அச்சு.

1706 ஜூலையில் சீகன்பால்கு, புளுட்சௌ என்ற இரண்டு ஜெர்மன் இளைஞர்கள் டென்மார்க் அரசர் அனுப்பிய பாதிரிமார்களாக இங்கே வந்து இறங்கினார்கள். சீகன்பால்குவுக்கு அப்போது வயது 24-தான். தமிழ் படிக்க அவர் செய்தது எளிய காரியம்: வயதான ஓர் உபாத்தியாயரை அமர்த்திக்கொண்டு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தானும் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். இரண்டே ஆண்டில், தான் சேர்த்து வைத்திருந்த தமிழ் ஏட்டுச்சுவடிகளுக்கு விளக்கப் பட்டியல் எழுதும் அளவுக்கு வந்துவிட்டார். 1707-லேயே பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார்கள். டேனிஷ் தளபதிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. அதே கோட்டையில் நான்கு மாதம் சிறையில் இருந்தார். பீரங்கி பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தமிழ் எழுத்தில் முதல் அச்சு தரங்கம்பாடியுடையது அல்ல. அந்தப் பெருமை 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்துக்கு உரியது. ஆனால் போர்த்துகீசியர் தொடங்கிய அந்த முயற்சி நின்று போனது. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பிறகு அச்சு எந்திரம், எழுத்து வார்ப்பு, காகிதம் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து, இடைவிடாமல் நடத்திக் காட்டியது தரங்கம்பாடி. அதற்கு அவர்கள் பட்ட பாடு சாதாரணமல்ல.

லண்டனிலிருந்து ஒரு கிறிஸ்தவ அறிவுச் சங்கம் 1711-இல் எந்திரத்தை அனுப்பியது. கப்பலைப் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். விடுபட்டு வந்த வழியில் அதை இயக்க வேண்டிய அச்சுக்காரர் இறந்துபோனார். 1712-இல் எந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. டேனிஷ் கம்பெனிச் சிப்பாய்களில் அச்சுத் தொழில் தெரிந்த ஒருவரைத் தேடிப்பிடித்து, முதலில் போர்த்துகீசிய மொழியில் அடித்தார்கள். மறு ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. நம் எழுத்தை நேரில் பார்த்தே இராத கொல்லர்கள் வார்த்தவை, அளவிலும் பெரியவை. பக்கத்துக்குச் சில வரிகளே பிடித்தன. காகிதமோ கடல் கடந்து வரவேண்டிய பொருள்.

அதனால் இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். அதற்கு உலோகம் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? இங்கிலாந்திலிருந்து பாதிரிமார்களுக்கு வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கினார்கள். அந்த ஈயத்தில் பிறந்த எழுத்துகள் சேர, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. கையோடு பக்கத்து ஊரான பொறையாறில் காகித ஆலையும் அமைத்தார்கள்.

இந்த அச்சகம் எதிராளிக்கும் இடம் கொடுத்தது. கத்தோலிக்கரான வீரமாமுனிவர் தரங்கம்பாடிக்காரர்களை மறுத்துக் கடுமையாக நூல்கள் எழுதியவர். அவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் அச்சானது எங்கே? இதே தரங்கம்பாடி அச்சகத்தில், 1738-இல். சமயச் சண்டை ஒருபக்கம் நடக்க, தமிழ் இலக்கணம் என்று வந்தபோது கதவைத் திறந்துவிட்டார்கள். தமிழ்நாட்டு ஊர்களில் இப்படி ஒரு நிகழ்வுக்கு இடமாக இருந்தவை எத்தனை?

சீகன்பால்கு 1719-இல், 36 வயதில் இறந்தார். அதற்கு முந்தின ஆண்டுதான் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டிருந்தது. சிலுவை வடிவக் கட்டடம், முகப்பில் டென்மார்க் அரசரின் முத்திரை. உடல் உள்ளேயே அடக்கம். எதிர்வரிசையில் டேனிஷ்காரர்கள் தங்களுக்கென்று 1701-இல் கட்டிய சீயோன் ஆலயம். 1733-இல் ஆரோன் என்ற தமிழர் குருவாக அபிஷேகம் பெற்றதும் இந்த ஊரில்தான். முதல் தமிழ் நாவல் எழுதிய வேதநாயகம் பிள்ளை இங்கே முன்சீபாக இருந்தார். 1915-இல் காந்தியடிகள் வந்தார். தில்லையாடி வள்ளியம்மையின் பூர்வீக ஊர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

அப்புறம் 2004 டிசம்பர் 26. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைச் சுனாமி கொண்டுபோனது. தரங்கம்பாடி மீனவர் தெருக்களில் வீட்டுக்கு வீடு சாவு. அதன் பிறகு டேனிஷ் அன்பர்களும் இந்தியப் பாரம்பரிய அறக்கட்டளையும் பழைய வீடுகளைச் செப்பனிட்டார்கள். தூண் வைத்த திண்ணைகள், ஓட்டுக் கூரைகள், ஆளுநர் மாளிகை ஆகியவை மறுபிறவி எடுத்தன. அந்தப் பணிக்கு ஊர் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. அலையில் வீடிழந்த குடும்பங்களோ உள்ளே தள்ளிக் கட்டிய குடியிருப்புகளிலிருந்து விடியலுக்கு முன்னால் படகுக்கு நடந்து வருகின்றன.

இன்றைய நிலையைச் சொன்னால் வருத்தம்தான் வருகிறது. 'ஓசோன் காற்று நிறைந்த கடற்கரை' என்று ஊரை விளம்பரம் செய்கிறார்கள். தரைமட்டத்தில் ஓசோன் கூடினால் நுரையீரலுக்குக் கேடு என்பது பள்ளிப் பாடம். கடற்காற்று நன்றாக இருக்கிறது என்று சொன்னாலே போதுமே; எதற்கு இந்த இரவல் பெருமை? அச்சகத்தின் பெயரால் ஊரை அழைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஞாயிறு மாலை ஆனால் கோட்டை எதிரே மணலில் தட்டும் டம்ளரும் தண்ணீர் பாட்டிலும் சிதறிக் கிடக்கின்றன. அத்தனையும் கடலுக்குள் போய் மீனவர் வலையில் திரும்பி வருகின்றன. பெண்கள் ஒதுங்கச் சுத்தமான கழிப்பறை வேண்டுமென்று கேட்டுக் கேட்டே வாய் வலிக்கிறது. தங்கலாமென்றால் கூலிக்காரர், ஆசிரியர் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் அறைகள் போதாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து இறக்கிவிட்டால் வெயிலில் நடை.

ரயில் இருந்த ஊர் இது. 1926-இல் மாயவரத்திலிருந்து செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியாகத் தரங்கம்பாடிவரை மீட்டர்கேஜ் பாதை போட்டார்கள். நெல்லும் மீனும் மாணவர்களும் அதில் போனார்கள். 1986-இல் நிறுத்தினார்கள். திரும்பக் கேட்டு மனுக் கொடுத்த தலைமுறையே முதுமை அடைந்துவிட்டது. பக்கத்துத் திருக்கடையூருக்கு நாடெங்கிலிருந்தும் நாள்தோறும் குடும்பங்கள் வருகின்றன. இதற்கு மேலும் பயணிகள் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

அடுத்த முறை வேனைத் திருப்புகிறவர்கள் ஓர் இரவாவது தங்குங்கள். கோட்டையைப் பார்த்த பிறகு ராஜ வீதியில் நடந்து புதிய எருசலேம் ஆலயத்துக்குள் போங்கள், மாசிலாமணிநாதரைத் தரிசியுங்கள், பிள்ளைகளுக்கு ஈய மூடி எழுத்தின் கதையைச் சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பியதும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு, மயிலாடுதுறை–தரங்கம்பாடி ரயில் எப்போது வரும் என்று கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள்.