ஊசியும் குழாயும்

உங்கள் வீட்டிலும் ஒரு கருணைக்கிழங்கு வைத்தியர் இருப்பார். எங்கள் வீட்டில் அந்தப் பட்டம் என் வீட்டுக்காரருக்கு. வெளிக்குப் போகும்போது இரத்தம் கண்டால், "ஒன்றுமில்லை, மூலச்சூடு" என்பார். சந்தையில் கருணைக்கிழங்கு வாங்கி வரச் சொல்வார். இரண்டு நாள் மோர்ச் சோறும் கிழங்கு மசியலுமாகச் சாப்பிடுவார். இரத்தம் நின்றுவிடும். "பார்த்தாயா?" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். நானும் நம்பினேன். இப்படியே ஒன்றரை வருடம் ஓடிவிட்டது.

இதையெல்லாம் நாலு பேர் படிக்கும் பத்திரிகையில் எழுதலாமா என்று எனக்குக் கூச்சந்தான். அவரிடமே கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "பேரைப் போடாமல் எழுது" என்றார். அனுமதி கிடைத்துவிட்டது, எழுதுகிறேன்.

அவர் இருபது வருடம் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு குலை வெட்டப் போனார். அண்ணாந்து நின்று வெட்டுவதும், வெட்டிய குலையைத் தூக்கித் தள்ளுவண்டியில் போடுவதுமாக இடுப்பு போய்விட்டது. வேலையை விட்டு டவுன் பக்கம் வந்தோம். அந்த இடுப்புவலியும் எங்களோடு குடிவந்தது. எண்ணெய், ஒத்தடம், மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் கடைவீதி மாடியில் இருக்கும் ஒரு சீனச் சின்சேயிடம் போனார். மயிர் போன்ற மெல்லிய ஊசிகளைக் கையிலும் முழங்கால் மடிப்பிலும் குத்தி, இருபது நிமிடம் அசையாமல் படுக்க வைப்பாராம். நாலைந்து சனிக்கிழமை போய் வந்த பிறகு மனிதர் நிமிர்ந்து நடந்தார். மிகைப்படுத்தவில்லை, நானே கண்ணால் பார்த்தேன்.

அந்த நம்பிக்கையில்தான் தப்புச் செய்தோம். பிறகொரு நாள் அவருக்கு வயிற்றைப் பிசைகிற மாதிரி வலி வரத் தொடங்கியது. "இதற்கும் ஊசி போட்டுக்கொள்கிறேன்" என்று போனார். இரத்தம் போகிற விஷயத்தைச் சின்சேயிடம் சொல்லவில்லை, வெட்கம். ஊசி குத்தியதும் வயிற்றுவலியும் தணிந்தது. வலி தணிந்தால் நோய் தணிந்தது என்றுதானே நாமெல்லாம் எடுத்துக்கொள்கிறோம்?

வாசகர்களே, ஊசி நிஜமாகவே வேலை செய்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். என் மகள் தாதியாக வேலை செய்கிறாள். அவள் படித்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்மில் வயதானவர்களுக்கு ஒரு பழைய செய்தி நினைவிருக்கலாம். 1971ஆம் ஆண்டு ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் சீனாவுக்குப் போயிருந்தபோது பீக்கிங்கில் குடல்வால் அறுவை செய்துகொண்டார். ஊசியைக் குத்தியே வலி தெரியாமல் வயிற்றைக் கிழித்தார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. உண்மை அதுவன்று. அறுவைக்குப் போட்டது வழக்கமான மரப்பு மருந்து. சீன ஊசி வந்தது மறுநாள் இரவு, வயிறு உப்பி அவர் தவித்தபோது. அதில் சுகம் கண்டதாக அவரே எழுதினார். பேச்சு வளர்ந்தது நம் வாயில்தான்.

அதன்பிறகு மேல்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சும்மா இருக்கவில்லை. நம் மூளை தானாகவே வலிநீக்கிப் பொருள்களைச் சுரக்கிறது. எண்டார்பின் என்று அதற்குப் பெயர். ஊசி குத்தினால் இது சுரக்கிறதா என்று 1970களில் சோதித்தார்கள். எண்டார்பினைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்தை முதலில் எலிகளுக்கும் பிறகு மனிதர்களுக்கும் கொடுத்துப் பார்த்தபோது, ஊசியின் வலி தணிக்கும் குணம் மங்கிப் போயிற்று. அப்படியானால் ஊசிக்கு ஏதோ விஷயம் இருக்கிறது.

2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹுய் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 13 பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஊசியைக் குத்தி மூளையைப் படம் பிடித்தார்கள். 11 பேருக்கு அந்த இடத்தில் மரத்துப் போனது போலவும் கனப்பது போலவும் இருந்தது. அவர்கள் மூளையில், பயத்தையும் வலியின் வேதனையையும் உணரும் ஆழமான பகுதிகள் அடங்கிக் காணப்பட்டன. மற்ற இரண்டு பேருக்கு ஊசி வலித்தது; அவர்கள் மூளை அடங்கவில்லை, சில பகுதிகள் இன்னும் கிளர்ந்துகொண்டன. இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பிள்ளை அழும்போது தாய் முதுகைத் தட்டிக் கொடுத்தால் அடங்குகிறதல்லவா, அதுபோலத்தான் எனக்குத் தோன்றியது.

ஆனால் இதிலும் புழுகு கலக்காமல் இல்லை என்று மகள் எச்சரித்தாள். புழுகு என்பது என் சொல். அவள் 'அவசரம்' என்றாள். கால் சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு புள்ளி உண்டு. கண்ணுக்கு அதில் குத்துவார்கள். அதில் குத்தினால் மூளையில் பார்வைக்குரிய பகுதி விழித்துக்கொள்கிறது என்று 1998இல் ஒரு ஆராய்ச்சி வந்து பெரிய பரபரப்பாயிற்று. 2006இல் அதைச் செய்தவர்களில் பலர், தங்கள் முடிவு நிற்கவில்லை என்று தாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். செய்த தப்பை ஊரறிய ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்? எனக்கு அவர்கள்மேல் மரியாதைதான் கூடிற்று.

ஜெர்மனியில் 1162 இடுப்புவலிக்காரர்களை மூன்று பங்காகப் பிரித்து ஒரு சோதனை நடந்தது, 2007இல் வெளியாயிற்று. முறைப்படி ஊசி குத்தியவர்களில் நூற்றுக்கு 47.6 பேருக்குக் குணம் தெரிந்தது. சீனப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2 பேருக்கு. மாத்திரையும் உடற்பயிற்சியுமாக வழக்கமான வைத்தியம் பெற்றவர்களில் 27.4 பேருக்குத்தான். குத்துகிற இடம் அவ்வளவு முக்கியமில்லையோ என்று தோன்றுகிறது. குத்துவதே ஏதோ செய்கிறது, அல்லது நம்பிக்கை செய்கிறது. எங்கள் வீட்டு இடுப்புக்குச் சுகம் வந்தது எதனால் என்று எனக்குக் கவலையில்லை, வந்ததே போதும். மலேசியாவில் 2007இல் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் பாரம்பரிய வைத்தியப் பிரிவு தொடங்கி, தீராத வலிக்கு அரசாங்கமே ஊசி போட வைத்ததும் இந்தக் கணக்கில்தான்.

இத்தனை சோதனையும் வலியைப் பற்றியவை என்பதைக் கவனித்தீர்களா? நான் அப்போது கவனிக்கவில்லை. எங்கள் வீட்டில் அதைக் கவனித்தவர் சின்சேதான். ஒரு சனிக்கிழமை இவர் சட்டையைக் கழற்றியதும், "ஏன் இப்படி இளைத்துவிட்டாய்?" என்று கேட்டாராம். நாக்கைப் பார்த்தார், நாடியைப் பிடித்தார். பிறகு திடீரென்று, "அடா டாரா?" என்றார். இரத்தம் போகிறதா என்ற கேள்வி. இத்தனை நாள் பூட்டி வைத்தது வெளியே வந்துவிட்டது. எடுத்த ஊசிகளைச் சின்சே திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டாராம். "இனி ஜாரும் தாக் போலே. பெர்கி ஹோஸ்பிட்டல் டுலு" என்று சொல்லி, அன்றைக்குக் காசும் வாங்கவில்லை. இது ஊசியால் ஆகாது, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொன்ன அந்த மனிதரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இவர் வீடு வந்து சொன்னபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. இவருடைய அண்ணன், என் மூத்தார், 1991இல் 52 வயதில் போய்விட்டார். அவருக்கும் மூலம் என்றுதான் லயத்தில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். பெருங்குடலில் கட்டி, ஈரல்வரை பரவிவிட்டது. அந்த ஞாபகம் இருந்தும் நாங்கள் கிழங்கு வாங்கிக்கொண்டிருந்தோமே என்று இப்போதும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

"என்னங்க, போய்த்தான் ஆகவேண்டும்" என்றேன். "பின்னால் குழாய் விடுவார்களாம். செத்தாலும் பரவாயில்லை" என்றார். மகள் வந்தாள். "அப்பா, பெரியப்பாவை நினைத்துப் பாருங்கள்" என்று ஒரே வார்த்தை. எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

குழாய்ப் பரிசோதனையில் பெரிய கஷ்டம் முதல்நாள்தான். வயிற்றைக் கழுவ ஒரு மருந்துத் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். இரவு முழுதும் அவருக்கு நடை. மறுநாள் தூக்க மருந்து போட்டதும் உறங்கிவிட்டார். "எப்போது ஆரம்பிப்பார்கள்?" என்று என்னைக் கேட்டபோது எல்லாம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது!

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். நுனியில் விளக்கும் கேமராவும் வைத்த வளையும் குழாயை அதில் விட்டுப் பார்க்கிறார்கள். உட்சுவரில் காளான் மாதிரி முளைக்கும் சதைக்குப் பாலிப் என்று பெயர். எல்லாப் பாலிப்பும் புற்றாவதில்லை. ஆனால் பெருங்குடல் புற்றில் பெரும்பகுதி இந்தப் பாலிப்பிலிருந்துதான், பத்து வருடம் போலக் காலம் எடுத்து உருவாகிறது. குடலின் உட்தோலுக்கு வெட்டினாலும் சுட்டாலும் வலி தெரியாது. குடல் உப்பி இழுபட்டால்தான் தெரியும். அதனால்தான் பாலிப் சத்தமில்லாமல் வளர்கிறது. கட்டி கசிவதும் நிற்பதுமாக இருக்கும் என்று டாக்டர் சொன்னபோதுதான் கருணைக்கிழங்கின் மகிமை எனக்கு விளங்கியது.

குழாய் வழியாகவே கம்பிச் சுருக்கை அனுப்பி, பாலிப்பின் கழுத்தில் மாட்டி, மின்சாரம் விட்டு அறுத்தெடுக்கும் வழியை 1969இல் நியூயார்க்கில் ஷின்யா என்ற ஜப்பானிய மருத்துவரும் உல்ஃப் என்பவரும் தொடங்கி வைத்தார்கள். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் இப்படிப் பாலிப் எடுத்த 1418 பேரைச் சராசரி ஆறு வருடம் போலக் கவனித்து 1993இல் கணக்குச் சொன்னார்கள். ஐந்து பேருக்குத்தான் புற்று வந்தது, அதுவும் ஆரம்ப நிலையில். பாலிப்பை எடுக்காமல் விட்டவர்களுடைய பழைய கணக்கோடு ஒப்பிட்டால் 48 பேருக்கு வந்திருக்க வேண்டுமாம்.

இவருக்கு இரண்டு இருந்தன. சின்னதை அப்போதே சுருக்குப் போட்டு எடுத்துவிட்டார்கள். பெரியது மூன்று சென்டிமீட்டர். கழுத்து இல்லாமல் தட்டையாகச் சுவரோடு படர்ந்திருந்தது. அதற்கு வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஜப்பான்காரர்கள் 1990களின் பிற்பகுதியில் இரைப்பைக்காக உருவாக்கி, பிறகு குடலுக்கும் கொண்டுவந்த முறை. கட்டிக்கு அடியில் மருந்துநீரை ஏற்றி அதைத் தசையிலிருந்து மேலே தூக்குகிறார்கள். பிறகு சிறு கத்தியால் சுற்றிலும் வெட்டி, அடியில் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து, முழுசாக எடுக்கிறார்கள். அடியிலிருக்கும் தசையில் கத்தி பட்டால் குடல் ஓட்டையாகிவிடும்.

டாக்டர் தாளில் படம் போட்டு இதை விளக்கினார். எனக்குத் தலை சுற்றியது. இவரோ படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "மரத்தைத் தொடாமல் பட்டையை மட்டும் சீவ வேண்டும், அவ்வளவுதானே டாக்டர்?" என்றார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? பால் அதிகம் வருவது மரத்தை ஒட்டிய உட்பட்டையில்தான். மேலாகச் சீவினால் பால் இல்லை. ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்; மண்டோர் சத்தம் போடுவார். டாக்டருக்கு இது தெரியாது. இவர் சொல்லச் சொல்லக் கேட்டார். "நீங்கள் எத்தனை மரம் வெட்டியிருப்பீர்கள்?" என்று அவர் கேட்க, "கணக்கில்லை" என்றார் இவர். அந்த நேரத்தில்தான் இவர் பயம் போயிற்று என்று நினைக்கிறேன். தன் தொழில் தெரிந்த ஆளிடம் உடம்பைக் கொடுப்பது போல.

மூன்று மணி நேரம் ஆயிற்று. வெளியே பெஞ்சில் இருந்த எனக்கு மூன்று நாள். எடுத்த சதையைச் சோதித்ததில், நடுவே ஓரிடத்தில் புற்று தொடங்கியிருந்தது, உட்தோலைத் தாண்டவில்லை. ஓரங்கள் சுத்தம். இன்னும் ஒரு மில்லிமீட்டருக்குமேல் கீழே இறங்கியிருந்தால் குடலையே வெட்டி நெறிகட்டியையும் எடுக்க நேர்ந்திருக்கும் என்றார்கள். குறித்த தவணைக்குத் திரும்பவும் குழாய். இப்போது அவராகவே போகிறார்.

2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி மலேசிய ஆண்களுக்கு வந்த புற்றுகளில் பெருங்குடல் புற்றுக்கே முதலிடம். பெரும்பாலோர் முற்றிய பிறகே வந்தார்கள். 50 வயதானவர்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைப் பார்க்கும் சோதனை உண்டு. சிறு குப்பியில் கொஞ்சம் மலம், அவ்வளவுதான். கண்ணுக்கு இரத்தம் தெரிந்தவர்களும், அப்பனுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் வந்தவர்களும் அதோடு நிற்கக் கூடாதாம். குடும்பத்தில் வந்திருந்தால் 40 வயதிலேயே குழாய்ப் பரிசோதனை வேண்டும் என்றார் டாக்டர்.

எங்கள் மூத்தவனுக்கு 41 வயது. லாரி ஓட்டுகிறான். "எனக்கு ஒரு வலியும் இல்லையே அம்மா" என்கிறான். இரண்டு தடவை தேதி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு தடவையும் வேலை என்று போகவில்லை.

இடுப்புவலிக்கு இவர் இன்னமும் சனிக்கிழமைகளில் மாடியேறுகிறார். சென்ற தீபாவளிக்கு ஒரு டின் முறுக்கு எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். சின்சே டின்னை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, முதலில் கேட்டது மூத்தவனைப் பற்றித்தான். "இன்னும் போகவில்லை" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றி என் முன்னால் வைத்து, பேனாவையும் நீட்டினார்.