அப்பத்தாவின் 36 படங்கள்... மதுரையிலிருந்து ஃபிலிம் ரோலோடு ஒரு விமானப் பயணம்!

மதுரை விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனை வரிசை. முன்னால் நின்றவர் பெல்ட்டைக் கழற்றி ட்ரேயில் போட்டார். அவருக்கு முன்னால் இருந்தவர் லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். என் கையில் ஒரு ஜிப் கவர். உள்ளே மூன்று ஃபிலிம் ரோல்கள். அவற்றில் ஒன்றில் என் அப்பத்தா இருக்கிறார். அந்தக் கவர் எக்ஸ்ரே மெஷினுக்குள் போய்விடக் கூடாது என்பதுதான் அன்றைக்கு என் ஒரே வேண்டுதல்.

இத்தனை பதற்றத்துக்கும் ஒரு காரணம் உண்டு.

இரண்டு வருடங்களுக்கு முன், தைப்பொங்கல் அன்று அவனியாபுரம் ஜல்லிக்கட்டு. சித்தப்பாவின் பழைய யாஷிகா கேமராவில் ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். காளைகளை எடுத்ததைவிடத் தாத்தாவை எடுத்ததுதான் அதிகம். புது வேட்டி, தோளில் சிவப்புக் கரைத் துண்டு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போகும் காளைகளுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பும்போது கேமராவைப் பத்திரமாகத் துணிகளுக்கு நடுவே சுற்றி, பெட்டியில் வைத்து, செக்-இன் லக்கேஜில் போட்டுவிட்டேன். பத்திரம் என்று நினைத்துச் செய்ததுதான் வினையானது. ரோலைக் கழுவிப் பார்த்தபோது படங்களின் குறுக்கே சாம்பல் நிறத்தில் அலை அலையாகப் பட்டைகள். தாத்தாவின் முகம் அந்தப் பட்டைக்குள் போயிருந்தது. தப்பு யாருடையதும் இல்லை, என்னுடையதுதான். அடுத்த பொங்கலுக்கு மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த பொங்கலுக்குத் தாத்தா இல்லை.

எக்ஸ்ரே என்ன செய்கிறது?

ஃபிலிமில் பூசியிருப்பது வெள்ளி உப்புகள். வெளிச்சம் பட்டால் அவை மாறும். அந்த மாற்றம்தான் படம். எக்ஸ்ரேயும் ஒருவகை வெளிச்சம்தான், நம் கண்ணுக்குத்தான் தெரியாது. 1895-ல் ஜெர்மனியில் ராண்ட்கென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தபோது தன் மனைவியின் கை எலும்புகளைப் பதிவு செய்தது ஒரு போட்டோ தகட்டில்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த கறுப்பு ஷீட்டும் ஃபிலிம்தான். ஊட்டியில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை, 'இந்து' என்ற பெயரில் கேமரா ரோலும் தயாரித்தது, எக்ஸ்ரே ஃபிலிமும் தயாரித்தது. அதாவது, எக்ஸ்ரே பட்டால் ஃபிலிம் 'கெட்டுப்போகிறது' என்று நாம் சொன்னாலும், அது தன் வேலையைத்தான் செய்கிறது. நாம் கேட்காத படத்தையும் சேர்த்துப் பதிவு செய்துவிடுகிறது. அந்தச் சேதம் அப்போதே தெரியாது, கழுவிய பிறகுதான் தெரியும்.

மாட்டு வண்டியில் வந்த கேமரா

இந்த வைகாசியில் மறுபடி மதுரைக்குப் போனேன். இந்த முறை அப்பத்தாவை எடுக்க. அவனியாபுரத்துக்குப் போகும் முன் ஊரை ஒரு சுற்று.

முதலில் திருமலை நாயக்கர் மஹால். காலை வெயில் தூண்களுக்கு நடுவே சாய்வாக விழும் நேரம். இதே தூண்களை 1858-ல் ஒருவர் படம் எடுத்திருக்கிறார். லின்னேயஸ் ட்ரைப், சென்னை மாகாண அரசின் போட்டோகிராபர். மாட்டு வண்டிகளில் கேமராவையும் ரசாயனங்களையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றியவர். அவருடைய நெகட்டிவ், மெழுகு பூசிய காகிதம். மீனாட்சியம்மன் கோயில், தெப்பக்குளம், விளக்குத்தூண் எல்லாம் அவர் படங்களில் இருக்கின்றன.

அவர் பார்த்த மஹால் பாழடைந்து கிடந்த மஹால். கவர்னர் நேப்பியர் காலத்தில் சீரமைப்பு நடந்தது அதற்குப் பிறகுதான். சீரமைப்புக்கு முன் அது எப்படி இருந்தது என்று இன்றைக்கு யாராவது கேட்டால், காட்டுவதற்கு ட்ரைப்பின் படங்கள் இருக்கின்றன. திரும்பப் போய் எடுக்க முடியாத படங்கள். அவருக்கு எக்ஸ்ரே பயம் இல்லை; அது கண்டுபிடிக்கப்பட இன்னும் 37 வருடங்கள் இருந்தன. ஆனால், மதுரை வெயில் இருந்தது.

அந்த வெயில் நமக்கும் உண்டு. விமான நிலையத்தைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டு, காருக்குள் டேஷ்போர்டிலும் ஸ்கூட்டர் டிக்கியிலும் ரோலை விட்டுவிட்டால் சூட்டிலேயே நிறம் மாறிவிடும். யானைமலை அடிவாரத்தில் நரசிங்கம் பக்கம் சுற்றியபோது ரோல்களை ஈரம் புகாத டப்பாவில் போட்டு, பையின் நடுவில், துண்டுக்குள் சுற்றி வைத்திருந்தேன். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனுக்கும் கேமராவுக்கும் அனுமதி இல்லை என்பதால், அன்றைக்குக் கேமராவை அறையிலேயே வைத்துவிட்டுத்தான் தரிசனத்துக்குப் போனேன்.

மாசி வீதிப் பக்கம் பழைய ஸ்டூடியோ ஒன்றில் நுழைந்து விசாரித்தேன். "கழுவிட்டா அப்புறம் எந்த எக்ஸ்ரேயும் ஒண்ணும் பண்ணாதும்மா. கழுவாத ரோலுக்குத்தான் ஆபத்து. அந்தக் காலத்துல வெளிநாடு போறவங்க கையில ஈயப் பை குடுத்து அனுப்புவோம்" என்றார் ஸ்டூடியோ அண்ணன். இப்போது கலர் ரோல் கழுவுவதை நிறுத்திவிட்டாராம்.

ரோலோடு பறக்கிறீர்களா?

* கழுவாத ரோலைச் செக்-இன் பெட்டியில் போடவே போடாதீர்கள். அங்குள்ள ஸ்கேனர்களின் வீரியம் அதிகம். ஒரே முறையில் ரோல் வீணாகலாம். எப்போதும் கைப்பையில்தான்.

* கைப்பையைச் சோதிக்கும் வழக்கமான எக்ஸ்ரே மெஷினில், ஐ.எஸ்.ஓ 100, 200, 400 ரோல்கள் ஓரிரு முறை போய்வந்தால் பெரிய பாதிப்பு இருக்காது. ஆனால், பாதிப்பு சேர்ந்துகொண்டே போகும். இரண்டு மூன்று விமானம் மாறிப் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

* ஐ.எஸ்.ஓ 800, அதற்கு மேல் என்றால் கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்பதே நல்லது. கல்யாண வீடுகளில் பிரபலமான இன்ஸ்டாக்ஸ் ஃபிலிமும் ஐ.எஸ்.ஓ 800-தான். வெளியே வந்துவிட்ட படத்துக்கு ஒன்றும் ஆகாது. பிரிக்காத பாக்கெட்டுக்கு ஆகும்.

* பல நாட்டு விமான நிலையங்களில் இப்போது சி.டி ஸ்கேனர்கள் வந்துவிட்டன. ஆஸ்பத்திரி சி.டி ஸ்கேன் போலப் பையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுப்பவை. இதில் எந்த ரோலையும் அனுப்பாதீர்கள்.

* ஈயப் பையை நம்பி இருக்காதீர்கள். திரையில் கறுப்பாக ஏதோ தெரிந்தால் எப்படியும் பையைத் திறக்கச் சொல்வார்கள்.

* ரோல்களை டப்பாவிலிருந்து எடுத்து, உள்ளே இருப்பது தெரிகிற கவரில் போடுங்கள். கேமராவில் ரோல் இருந்தால், பயணத்துக்கு முன் முடித்துச் சுற்றி எடுத்துவிடுங்கள்.

* சீக்கிரம் போங்கள், பணிவாகக் கேளுங்கள். நம் நாட்டில் கையால் சோதிப்பது பாதுகாப்பு அதிகாரிகளின் முடிவு. மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம்.

* டிஜிட்டல் கேமரா, மெமரி கார்டு, போனுக்கெல்லாம் இந்தக் கவலையே தேவையில்லை.

"இதுல என்ன இருக்கு?"

அவனியாபுரத்தில் அப்பத்தாவை உட்கார வைத்தேன், தாத்தா உட்கார்ந்த அதே திண்ணையில். தலைக்கு மேலே ஒரு விமானம் தாழப் பறந்து இறங்கியது. ஜல்லிக்கட்டு இல்லாத நாளில் அந்தத் தெரு எவ்வளவு அமைதியாக இருக்கிறது! "எத்தன படந்தான் எடுப்ப? போய்ச் சாப்புடு ஆத்தா" என்று திட்டிக்கொண்டே போஸ் கொடுத்தார். தண்டட்டி போட்டு வளர்ந்த காது, வெற்றிலைச் சிரிப்பு, தாத்தா விட்டுப்போன சுருக்குப்பை. 36 படமும் முடிந்தது.

மறுபடி விமான நிலையத்துக்கே வருகிறேன். சி.ஐ.எஸ்.எஃப் பெண் அதிகாரியிடம் கவரை நீட்டி, "மேடம், இது கேமரா ஃபிலிம். எக்ஸ்ரே பட்டால் படம் போயிடும். கையால செக் பண்ண முடியுமா?" என்றேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. ஒரு ரோலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்ன இருக்கு?"

"எங்க அப்பத்தா இருக்காங்க."

சிரித்துவிட்டார். பக்கத்திலிருந்த சீனியரிடம் காட்டினார். அவர் மூன்று ரோலையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, "ஓகே" என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டு நிமிட வேலை. சென்னையில் இறங்கும்வரை கவரை மடியிலேயே வைத்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ரோல் கழுவி வந்தது. ஒரு பட்டை இல்லை, ஒரு புகை இல்லை. அப்பத்தாவுக்குப் பிரின்ட் போட்டு அனுப்பும்போது, கெட்டுப்போன பழைய ரோலிலிருந்தும் ஒரு படத்தைச் சேர்த்து வைத்தேன். முகம் தெரியாது. தோளும் துண்டும்தான் தெரியும்.

போன் செய்தபோது தன் படங்களைப் பற்றி அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை.

"அந்தத் துண்டு அவரோடதுதான ஆத்தா?" என்றார்.