சேலத்தில் கேட்ட கேள்வி

என் அக்கா மகளுக்குச் சேலத்தில் நிச்சயதார்த்தம். தட்டு மாற்றி முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளையின் பெரியப்பா எங்கள் வரிசைக்கு வந்தார். நல்ல மனிதர். காலையிலிருந்து வெந்நீர், காபி என்று எங்களைப் பார்த்துப் பார்த்துக் கவனித்தவர். "ஏனுங்கம்மா, பாண்டிச்சேரில இருந்து வர்றீங்க, வெறுங்கையோடவா வந்தீங்க?" என்றார். பந்தியே சிரித்தது. நாங்கள் சுமந்துகொண்டு போன பதினோரு வரிசைத் தட்டுகளும் கூடத்தில் அப்படியே இருந்தன.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆசிரியையாக இருந்த காலம் முழுக்க, எந்த ஊருக்குப் பயிற்சி வகுப்புக்குப் போனாலும் இதே கேள்வியை வேறு வேறு வாய்களில் கேட்டிருக்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது முத்தியால்பேட்டை. அப்பா கைத்தறி நெசவாளர். தறிக்குழியில் கால் வைத்த நாளிலிருந்து கடைசிவரை டீயைத் தவிர எதையும் தொடாதவர். அவர் கூடப் பிறந்த என் சித்தப்பாவை நாற்பத்திரண்டு வயதில் குடிக்குக் கொடுத்தோம். ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள். வெளியூரில் மட்டும் எங்கள் எல்லோருக்கும் குடிகார ஊர்க்காரர் என்று ஒரே பெயர். இந்தப் பெயர் எப்போது வந்தது, எப்படி ஒட்டிக்கொண்டது என்று தெரிந்துகொள்ளாமல் அடுத்த முறை சேலம் போவதில்லை என்று பேருந்திலேயே முடிவு செய்தேன்.

முதலில் போனது பாரதி பூங்காவை ஒட்டி இருக்கும் அருங்காட்சியகத்துக்கு. ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் மார்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் தோண்டினார்கள். கிரேக்கப் பயணக் குறிப்பான பெரிப்ளூஸ் 'பொதுகே' என்று சொல்லும் துறைமுகம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அங்கே கிடைத்த ஆம்போரா ஓடுகளை அருங்காட்சியகத்தில் பார்த்தேன். இரண்டு கைப்பிடி, ஒடுங்கிய கழுத்து, கூரான அடி. கிரேக்கத் தீவான கோஸ் பாணிச் சாடிகளே அவற்றில் அதிகம். திராட்சை மது கசியாதிருக்க உள்ளே பிசின் பூசி, அரபிக்கடலைக் கடந்து கொண்டுவந்திருக்கிறார்கள். நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் புறநானூற்றுப் பாடலிலும் யவனர் கப்பலில் வந்த மது வருகிறது.

தேடியது கிடைத்துவிட்டதென்று ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். இரவு படுத்தபோது நூல் அறுந்தது. நக்கீரர் பாட்டில் அந்த மதுவைக் குடிப்பவன் அரசன், குடிப்பதும் பொற்கலத்தில். கடல் கடந்து வந்த சாடி, அரிக்கமேட்டில் மணி கோத்தவனுக்கும் துணி நெய்தவனுக்கும் எட்டியிருக்குமா? தவிர, அந்தத் துறைமுகமே தோப்புகளுக்கடியில் புதைந்து, பல நூற்றாண்டு யார் நினைவிலும் இல்லாமல் கிடந்தது. மறந்துபோன ஊரிலிருந்து பெயர் மட்டும் நடந்து வந்து எங்கள் மேல் ஏறியிருக்க முடியாது.

அடுத்து கள். பாளையைக் கட்டி, இடுக்கித் தட்டி, நுனியைச் சீவிக் கலயம் மாட்டுவார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் காற்றிலிருக்கும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று, விடிவதற்குள் கள்ளாக்கிவிடும். காலையில் இனிப்பு, உச்சியில் காரம், சாயங்காலம் புளிப்பு. புதுச்சேரிக் கிராமங்களில் கள்ளுக்கடைக்கு இன்றும் ஏலம் உண்டு. ஆனால் கள் தஞ்சாவூரிலும் இருந்தது, கோயம்புத்தூரிலும் இருந்தது, பனையும் தென்னையும் நின்ற ஊரிலெல்லாம் இருந்தது. எல்லோரிடமும் இருந்த ஒன்று எங்களுக்கு மட்டும் பெயர் வாங்கித் தராது.

"பிரெஞ்சுக்காரன் பழக்கிவிட்டுப் போனது" என்பது நான் அதிகம் கேட்ட பதில். பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். சொல்தா வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் ஒயின் இருந்தது உண்மைதான். முத்தியால்பேட்டைத் தறிக்காரத் தெருவில் யாருடைய சாப்பாட்டிலும் அது இருந்ததில்லை. வெள்ளைக்கார அதிகாரிகள் இருந்த சென்னையிலும் ஊட்டியிலும் பிராந்தியும் விஸ்கியும் ஓடாமலா இருந்தன? கள், சாராயக் குத்தகைப் பணம் ஆங்கில அரசின் பெரிய வருமானங்களில் ஒன்று. இரண்டு துரைமாரும் குடித்தார்கள், இரண்டு பேரும் விற்றார்கள். அங்கேயும் வித்தியாசம் தென்படவில்லை.

வழி காட்டியது ஆயா சொன்ன ஒரு வார்த்தை. என் அப்பாவைப் பெற்றவள். சிவப்புத் தொப்பி வைத்த பிரெஞ்சுப் போலீசை வாசல் திண்ணையிலிருந்து பார்த்தவள். நான் சிறுமியாக இருந்தபோது எல்லை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "கோட்டக்குப்பத்துக்கு அந்தாண்ட வெள்ளக்காரன் மண்ணு, இந்தாண்ட பிரெஞ்சுக்காரன் மண்ணு. மண்ணப் பாத்தா ஒண்ணும் தெரியாதுடி. சாமான் வெலயக் கேளு, அது சொல்லும்" என்றாள்.

முத்தியால்பேட்டை புதுச்சேரி நகரத்தின் வடகோடி. மணிக்கூண்டிலிருந்து வடக்கே நடந்தால் சற்று நேரத்தில் கோட்டக்குப்பம் வந்துவிடும். அது இன்று தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். நடுவில் ஆறோ மலையோ கிடையாது. ஆயா சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு பழைய ஒப்பந்தங்களைத் தேடினேன். சாராயத்துக்கு முன்னால் உப்பு கிடைத்தது. 1818-இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரோடு ஓர் ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். பிரெஞ்சுப் பகுதியில் உப்பு விளைவிப்பதை நிறுத்திவிட வேண்டும், அதற்கு ஈடாக ஆண்டுக்கு 4000 நட்சத்திர வராகன். ஏன் இவ்வளவு பணம்? இந்தப் பக்கம் உப்பு மலிவாகக் கிடைத்தால் அந்தப் பக்கத்து உப்பு வரி கரைந்துவிடும் என்ற பயம்தான். கடல் ஒன்று, உப்பும் ஒன்று. நடுவில் கிழித்த கோடு அதற்கு இரண்டு விலை வைத்தது. சாராயத்துக்கும் இதே கோடுதான் வேலை செய்திருக்க வேண்டும் என்று அப்போது பட்டது. அந்தப் பக்கம் கடையை மூடியது எந்த வருஷம் என்று மட்டும் தெரிய வேண்டும்.

தெரிந்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்துவிட்டேன். 1937 அக்டோபர் 1. இடம், சேலம் மாவட்டம்.

சென்னை மாகாணப் பிரதமரான ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கத் தன் சொந்த மாவட்டத்தையே தேர்ந்தெடுத்தார். அவர் வக்கீலாக இருந்ததும், நகராட்சித் தலைவராக இருந்ததும் சேலத்தில். அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த திருச்செங்கோட்டுக்கு அருகே 1925-இல் காந்தி ஆசிரமம் தொடங்கி, நூற்கவும் நெய்யவும் சொல்லிக்கொடுத்து, அங்கிருந்தே 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை நடத்தினார். கல்கி அதில் வேலை பார்த்தார். அதற்கும் முன்னால், கள்ளுக்கடை மறியல் நடந்த நாட்களில், பெரியார் தன் தோப்பிலிருந்த 500-க்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்ததும் சேலம் தாதம்பட்டியில். குடியால் அழிந்த கூலிக்காரக் குடும்பங்களைக் கண்ணால் பார்த்தவர்கள் செய்த வேலை இது. கடைகளை மூடியதால் போன வருமானத்தை ஈடுகட்ட ராஜாஜி 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்தார். இன்று நாம் எந்தப் பொருள் வாங்கினாலும் கொடுக்கும் வரிக்கு இங்கே அதுதான் தொடக்கம்.

போர்க்காலத்தில் மதுவிலக்கு கைவிடப்பட்டது. விடுதலைக்குப் பிறகு 1948 அக்டோபர் 2-இல் மாகாணம் முழுமைக்கும் வந்தது. அன்று கோட்டக்குப்பம் வரை வறண்டது. முத்தியால்பேட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. 1954 நவம்பர் 1-இல் கொடி மாறியது, 1962-இல் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தோம். மதுவிலக்கு மட்டும் எல்லை தாண்டி வரவில்லை. தமிழ்நாடு மதுவிலக்கைத் தளர்த்தியது 1971 ஆகஸ்ட் 30-இல். நடுவே இருபத்துமூன்று ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் நாங்கள் புதிதாக எதையும் காய்ச்சவில்லை, அதிகமாக ஊற்றவும் இல்லை. சுற்றிலும் கதவுகள் சாத்தப்பட்டன, எங்கள் கதவு மட்டும் திறந்து கிடந்தது. ஒரு தலைமுறைத் தமிழருக்கு பாண்டிச்சேரி என்றால் குடி என்று ஆனது அப்போதுதான். அரிக்கமேட்டில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் போய்த் தேடினேன். கிடைத்தது என் அம்மா காலத்தில்.

பிறகு அந்தப் பக்கமும் திறந்து, மூடி, மறுபடி திறந்தது. 1983-இல் மது மொத்த விற்பனைக்கு அரசின் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 1987-இல் கள்ளுக்கடை மூடப்பட்டது. 2003-இல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் கடை இருந்தும் பெயர் ஏன் போகவில்லை? ஆயா சொன்ன வெலதான். இங்கே கலால் வரி குறைவு. பிராந்திக்கடைகள் எங்கே நெருக்கமாக இருக்கின்றன என்று ஒரு முறை சுற்றிப் பாருங்கள். கோரிமேடு, கன்னியக்கோயில், மதகடிப்பட்டு, எல்லாம் எல்லையோரம். ஊராருக்காக வைத்த கடை ஊருக்கு நடுவில் அல்லவா இருக்கும்? 2020 மே மாதம் ஊரடங்குக்குப் பிறகு கடைகளைத் திறந்தபோது, தமிழ்நாட்டு விலையே இங்கும் இருக்கும்படி அரசு சிறப்பு வரி போட்டது. அக்கம்பக்கத்து மாவட்டங்களிலிருந்து கூட்டம் வந்துவிடக் கூடாது என்பதற்காக. கூட்டத்தை இழுப்பது எது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

எங்கள் தெருவின் பொழுதுபோக்கில் குடிப்பதற்கு எப்போதும் இடம் இருந்தது. நாலு மணிக்குத் தறிச் சத்தம் நிற்கும். அப்பா தூக்கோடு மணிக்கூண்டுப் பக்கம் போவார். திண்ணையில் ஆறேழு பேர் உட்கார்ந்து ஒரு கிளாஸ் டீயை முக்கால் மணி நேரம் குடிப்பார்கள். நூல் விலை, கூலி, சினிமா, பிரான்சிலிருந்து வந்த கடிதம் என்று பேச்சு ஓடும். விருந்து நாளில் எங்களுக்குக் கோலி சோடா. 1872-இல் லண்டனில் ஹைரம் காட் என்பவர் காப்புரிமை வாங்கிய புட்டி, கட்டை விரலால் கோலியை அமுக்கினால் 'புஸ்' என்று முத்தியால்பேட்டையில் திறக்கும். ஆண்கள் சிலர் கள்ளுக்கடைக்கும் போனார்கள். அங்கும் சுண்டலைப் பங்கு போட்டு, ஒருவர் பாட மற்றவர் தாளம் போட்டார்கள். எதைக் குடித்தாலும் கூட ஆள் வேண்டும், பேச்சு வேண்டும். என் சித்தப்பாவிடமிருந்து முதலில் போனது அந்தப் பேச்சுதான். எல்லையோரக் கடை வாசலில் நின்றபடியே வாங்கி, நின்றபடியே குடித்துவிட்டு வருவார். திண்ணையில் அவர் இடம் காலியாகி ஆறு வருஷம் கழித்துத்தான் செத்தார்.

குடி கெடுத்தது எங்கள் பக்கத்தை மட்டுமில்லை. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து மீனவக் குடும்பங்களில் பலர் செத்தார்கள். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாகிக் கண்ணைப் பறித்து, பிறகு உயிரைப் பறிக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த ஊரைக் கடந்துதான் நாங்கள் சென்னைக்குப் போகிறோம்.

தேடலை முடித்த அன்று மறுபடி பாரதி பூங்காவில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஆயி மண்டபம், எங்கள் அரசின் சின்னத்தில் இருக்கும் அதே வெள்ளை மண்டபம். கிருஷ்ணதேவராயர் காலத்தில் ஆயி என்றொரு தாசி இருந்தாளாம். விளக்கொளியில் அவள் வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்ட அரசன், உண்மை தெரிந்ததும் இடிக்கச் சொன்னானாம். நானே இடிக்கிறேன் என்று கேட்டு வாங்கி, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாளாம் ஆயி. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் வந்தபோது அவள் நினைவாக எழுந்தது இந்த மண்டபம். ஒரு ஊர் தன் அடையாளமாகத் தானே எடுத்துவைத்துக்கொண்டது குடிதண்ணீரை. அதை யாரும் எங்களிடம் கேட்பதில்லை.

அங்கிருந்தே சேலத்துக்குப் போன் செய்தேன். "அண்ணா, அன்னைக்குப் பந்தியில ஒண்ணு கேட்டீங்களே, அதுக்குப் பதில் கிடைச்சுது" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் பெயரின் முதல் எழுத்து உங்கள் ஊரில் எழுதியது என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கோபித்துக்கொண்டாரோ என்று பயந்தேன்.

"கடை மூடுன அந்த வருசந்தான் எங்க தாத்தா மொத மொதல்ல வாரக்கூலிய முழுசாக் கொண்டாந்து குடுத்தாராம்மா. எங்க அப்பாயி அதுல ஒரு பித்தளைக் கொடம் வாங்குச்சாம். சாகுற வரைக்கும் அதுலதான் தண்ணி எடுத்துச்சு. இன்னும் வூட்டுல இருக்குதுங்க" என்றார்.

ஒரே சட்டம். அவர்கள் வீட்டுக்கு ஒரு குடம் கொடுத்தது, எங்கள் ஊருக்கு ஒரு பெயர் கொடுத்தது. அந்தச் சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோட்டின் இந்தப் பக்கமும் அது வந்திருந்தால் சித்தப்பா இருந்திருப்பாரோ என்னவோ.

தை மாதம் கல்யாணம். சேலத்தில் இறங்கியதும் முதல் வேலையாக அந்தக் குடத்தை எனக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.