மூணு பேர் சொன்னா நம்பலாம்!

உளவுத்துறை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கறுப்புக் கண்ணாடி, தூக்கிவிட்ட காலர், தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் ஜெய்சங்கர்... எனக்கு ஞாபகம் வருவது எங்கள் கன்னியாகுமரியில் கடலுக்கு நடுவே நிற்கிற வள்ளுவர்தான். சிரிக்காதீர்கள் சார்!

2000 ஜனவரி 1-ம் தேதி திறந்த அந்தச் சிலை, பீடத்தோடு சேர்த்து 133 அடி. அதிகாரத்துக்கு ஓர் அடி. அறத்துப்பாலுக்காக 38 அடி பீடம், பொருளுக்கும் இன்பத்துக்குமாக 95 அடி வள்ளுவர். அந்தக் கணக்கில் 59-வது அடி அவர் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும். (ஏறி அளக்கவில்லை. வெறும் பி.காம். கணக்கு!) 59-வது அதிகாரம்தான் 'ஒற்றாடல்'. பத்துக் குறளும் உளவு பற்றியே.

அதில் அவர் சொல்லும் டெக்னிக் ரொம்ப சிம்பிள். ஓர் ஒற்றன் கொண்டுவந்த சேதியை இன்னோர் ஒற்றனை விட்டுச் சரிபார். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால் நம்பு. அவ்வளவுதான்.

கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்த சீட்டு, பில்... மூன்றும் ஒத்துப்போனால்தான் செக்கில் கையெழுத்து. நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் இந்த மூன்றும் மூன்று மேஜைகளில் இருந்தன. மேஜைக்காரர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருநாள், வராத முப்பது மூட்டைக்குப் பணம் போய்விட்டது. விசாரித்தால் மூன்று பேர் ஃபைலும் படு சுத்தம்! ஸ்டோர்ஸ் அண்ணாச்சி ஒரே வரியில் முடித்துவிட்டார்: "எங்கிட்ட யாருமே கேக்கல்லியே வே!"

தேசங்களின் கதையும் ஏறக்குறைய இதேதான். தொலைவது மூட்டையாக இருக்காது, அதுதான் வித்தியாசம்.

வெள்ளைக்காரன் 1887-ல் ஆரம்பித்து வைத்ததுதான் இன்றைய ஐ.பி.யின் மூலம். சுதந்திரத்துக்குப் பிறகு உள்ளூர் சமாசாரம், வெளிநாட்டு சமாசாரம் இரண்டையும் அவர்களே பார்த்தார்கள். 1962-ல் சீனாவிடம் அடி வாங்கினோம். 1965-ல் பாகிஸ்தானோடு யுத்தம். சரியான தகவல் கையில் இல்லையே என்ற புகார் இரண்டு முறையும் எழுந்தது. 1968 செப்டம்பரில் இந்திரா காந்தி வெளிநாட்டு உளவைத் தனியாகப் பிரித்து ஆர்.என். காவ் கையில் கொடுத்தார். வைத்த பெயர் 'ரிசர்ச் அண்டு அனாலிசிஸ் விங்'. சுருக்கமாக 'ரா'. முழுப் பெயரைக் கேட்டால் சிமெண்ட் கம்பெனியில் ஒரு செக்ஷன் என்றுதான் தோன்றும். அதுதானே உளவுக்கு அழகு!

இது வெளிநாட்டு உளவு. ராணுவத்துக்கு? தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் தனித்தனி உளவுப் பிரிவு, தனித்தனி ஃபைல். மூன்று மேஜை!

1999 மே மாதம், கார்கில் பக்கம் காணாமல் போன தன் யாக் மாட்டைத் தேடிப் போனார் டாஷி நம்கியால் என்ற மேய்ப்பர். மலை மேல் அன்னிய ஆட்களைப் பார்த்துவிட்டு வந்து ராணுவத்திடம் சொன்னார். அத்தனை துறைகள் இருந்தும், முதலில் வந்த உருப்படியான தகவல்களில் ஒன்று மாடு தேடிப் போனவர் கொடுத்தது.

யுத்தம் முடிந்ததும் எங்கே ஓட்டை என்று பார்க்க ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் கே. சுப்ரமணியம், திருச்சியில் பிறந்தவர். (2019-ல் வெளியுறவு அமைச்சரான ஜெய்சங்கர் இவர் மகன். ஆரம்பத்தில் நான் சொன்ன ஜெய்சங்கர் வேறு!) 2000 பிப்ரவரியில் அந்த அறிக்கை பார்லிமெண்டுக்கு வந்தது. துறைகள் தங்களுக்குக் கிடைத்ததை ஒன்றாக வைத்துப் பார்க்க முறையான ஏற்பாடு இல்லை என்று அதில் எழுதியிருந்தது. 'எங்கிட்ட யாருமே கேக்கல்லியே' என்பதற்கு சர்க்கார் பாஷை!

அதன் பிறகுதான், 2002 மார்ச்சில், முப்படைத் தகவலையும் ஓரிடத்தில் சேர்த்துப் பார்க்க 'டிஃபன்ஸ் இன்டெலிஜன்ஸ் ஏஜென்சி' பிறந்தது. இந்த வரிசையைக் கவனித்தீர்களா? அடி விழுந்த பிறகுதான் ஒவ்வொரு முறையும் புது ஆபீஸுக்குப் பூஜை போடுகிறோம். புது ஆபீஸ் வந்தாலும் மேஜைகள் பேசாவிட்டால் அது நாலாவது மேஜை, அவ்வளவுதான்.

எங்கள் கம்பெனியில் அந்த முப்பது மூட்டைக்கு அடுத்த மாதமே டெபிட் நோட் போட்டுப் பணத்தைப் பிடித்துவிட்டார்கள். கணக்கு நேராகிவிட்டது.

கார்கிலில் இறந்தவர்கள் 527 பேர் என்கிறது சர்க்கார் கணக்கு. அதில் ஒருவர் திருச்சி மேஜர் சரவணன். மே கடைசியில், படாலிக் மலையில் விழுந்தார். உடலைக் கீழே கொண்டுவரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

அதற்கு யார் பெயரில் டெபிட் நோட் போடுவது?