டியூப் போட்ட பிறகு

வென்டிலேட்டர் என்ற சொல் 2020-க்கு முன்னால் நம் தெருக்களில் புழங்கியதில்லை. 2021 மே மாதத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அதைச் சொன்னார்கள். அந்த மாதம் முழுக்க நாங்கள் ஆறேழு பேர் ஓர் அரசு மருத்துவமனை வாசலிலேயே கிடந்தோம். படுக்கைக்கு அலைவது, உள்ளே இருப்பவரின் நிலவரத்தை வெளியே மரத்தடியில் காத்திருக்கும் குடும்பத்துக்குக் கேட்டுச் சொல்வது, சில நாட்களில் சுடுகாட்டுக்கு வண்டி பிடிப்பது. எங்களில் ஒருவர், நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர், உள்ளே ஐசியுவில் ஒப்பந்தச் செவிலியராக இருந்தார். இங்கே நாங்கள் எழுதும் மருத்துவச் செய்திகள் அவரிடம் கேட்டதும், பிறகு கூடி உட்கார்ந்து படித்ததும்.

"டியூப் போட்டுட்டாங்க" என்ற சேதி வந்ததும் குடும்பங்கள் இரண்டு விதமாக உடையும். சிலர் அப்போதே ஒப்பாரியைத் தொடங்கிவிடுவார்கள். சிலர் "மெஷின் வெச்சாச்சு, இனி பயமில்ல" என்று டீ குடிக்கப் போவார்கள். அக்கா இரண்டு பேரிடமும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "மெஷின் வைரஸைக் கொல்லாதுங்க. நுரையீரல் தானா ஆறுற வரைக்கும் நாள் வாங்கித் தரும். அந்த நாள்ல வேற எதுவும் கெட்டுப்போகாம பாத்துக்கிறதுதான் எங்க வேலை."

கெட்டுப்போக நிறைய வழிகள் இருக்கின்றன. முதல் வழி அந்த மெஷினே. வீங்கி இறுகிப்போன நுரையீரலுக்குள் காற்றை அளவுக்கு மீறி அழுத்தினால் அது கிழியும், காற்று வெளியே கசிந்து நுரையீரல் சுருங்கும். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு இதைக் கணக்கிட்டது. ஒரு மூச்சுக்கு, ஒரு கிலோவுக்கு 12 மில்லி என்று கொடுத்தபோது 100-க்கு 40 பேர் இறந்தார்கள். 6 மில்லியாகக் குறைத்தபோது 31 பேர். அந்தக் கிலோவும் தராசில் நிற்கும் எடை இல்லை, உயரத்தை வைத்துப் போடும் கணக்கு. 155 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு அது சுமார் 48 கிலோ. அப்படியானால் ஒரு மூச்சுக்கு 290 மில்லிக்குக் கீழே, ஒரு டீ கிளாஸ் இரண்டு அளவுதான். இதற்கு ஒரு பைசா செலவில்லை. படுத்திருப்பவரின் உயரத்தை டேப் வைத்து அளக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது தொற்று. தொண்டையில் டியூப் இருப்பவரால் இரும முடியாது, எச்சிலை விழுங்க முடியாது. வாயில் ஊறும் கிருமி டியூபின் ஓரமாக நுரையீரலுக்குள் இறங்கும். வைரஸ் அடங்கி வரும் நேரத்தில் பாக்டீரியா நிமோனியா பிடிக்கும். இதைத் தடுப்பவை மிகச் சாதாரணமான வேலைகள்: தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தி வைப்பது, வாயைச் சுத்தம் செய்வது, சளியை சக்‌ஷன் போட்டு எடுப்பது, கையைக் கழுவுவது, தினமும் மயக்க மருந்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்த்து டியூபை எடுக்க முடியுமா என்று சோதிப்பது. காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறாமல் இருக்க ஹெப்பாரின். மூக்கு வழியாகப் பால்கஞ்சி. அது ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கு வந்தால் உடனே துடைக்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஈரத்தில் கிடந்தால் முதுகுத்தண்டுக்குக் கீழே தோல் உரியும். உரிந்த இடம் புண்ணாகும், புண் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலக்கும். கொரோனாவில் தப்பிப் படுக்கைப்புண்ணில் செத்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். இறப்புச் சான்றிதழில் அது எப்படி எழுதப்படும் என்பது தனிக் கதை.

நுரையீரல் மோசமாக இருப்பவரைக் குப்புறப் படுக்க வைப்பார்கள், ஒரு நாளைக்கு 16 மணி நேரமாவது. 2013-இல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் 466 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், இப்படிக் கவிழ்த்துப் படுக்க வைத்தவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 16%. மல்லாந்தே கிடந்தவர்களில் 32.8%. சரிபாதி! மருந்து எதுவும் புதிதாகக் கொடுக்கவில்லை. ஆனால் டியூபும் ஊசிகளும் பிடுங்கிக்கொள்ளாமல் ஒருவரைப் புரட்ட நான்கைந்து பேர் வேண்டும். ஒருவர் தலையையும் டியூபையும் மட்டும் பிடிப்பார். கன்னத்திலும் நெற்றியிலும் புண் வராமல் தலையை அவ்வப்போது திருப்பி வைக்க வேண்டும். அந்த மே மாதத்தில் இரவுப் பணியில் அக்காவிடம் எட்டு வென்டிலேட்டர் நோயாளிகள் இருந்தார்கள். ஒரு வென்டிலேட்டருக்கு ஒரு செவிலியர் என்பதுதான் அடிப்படைக் கணக்கு.

அப்படியானால் புரட்டியது யார்? துடைத்தது யார்? தூய்மைப் பணியாளர்கள்தான். ஏஜென்சி மூலம் எடுக்கப்பட்ட பெண்கள், பெரும்பாலும் நம் தெருக்களிலிருந்து போனவர்கள். வேலைப் பட்டியலில் அவர்களுக்குத் தரை துடைப்பதும் குப்பை எடுப்பதும்தான். "ஏம்மா, கொஞ்சம் கை குடு" என்று கூப்பிட்டதும் வந்து இடுப்பைப் பிடித்தவர்கள் அவர்கள்தான். சளி, எச்சில், மலம், சீழ், பிணம் என்று சாதி எதையெல்லாம் தீட்டு என ஒதுக்கியதோ, ஐசியுவில் உயிரைப் பிடித்து வைக்கும் வேலைகளும் அநேகமாக அவற்றைச் சுற்றியே இருக்கின்றன. தொலைக்காட்சியில் கும்பிட்டார்கள், மாடியில் நின்று கை தட்டினார்கள். முறையான கவசமும் முழுச் சம்பளமும் கேட்டபோது "ஏஜென்சியிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்றார்கள்.

கை தட்டுவதை விட்டுக் கையையே கொடுத்த ஒரு சம்பவமும் வரலாற்றில் உண்டு. மாணவத் தோழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. அதுவும் வைரஸ் நோய்தான். மூச்சுத் தசைகள் செயலிழந்து ஆட்கள் இறந்தார்கள். பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுக் கருவிகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. அவற்றில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர் தொண்டையில் துளையிட்டு டியூப் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுக்கலாம் என்று காட்டினார். யார் அழுத்துவது? சுமார் 1,500 மாணவர்கள் முறை போட்டு, இரவு பகலாக, மாதக்கணக்கில் அழுத்தினார்கள். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய ஐசியு அங்கிருந்துதான் தொடங்குகிறது. முதல் வென்டிலேட்டர் கூட்டம் கூட்டமான மாணவர்களின் கைகள்தான் என்று சொன்னால் மிகையில்லை.

கருவிகளைப் பற்றி இன்னொன்று. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பித்தான் யாருக்கு ஆக்சிஜன், யாருக்கு ஐசியு என்று முடிவாகிறது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு சொன்னது: அந்தக் கருவி 92 முதல் 96 வரை நல்ல எண்ணைக் காட்டியபோதே, ரத்தத்தில் உண்மையில் 88-க்குக் கீழே இருந்தது கறுப்பினத்தவரில் 11.7%, வெள்ளையரில் 3.6%. தோலின் நிறம் ஒளியை மறிக்கிறது. நம் ஊர் வெயிலில் வேலை செய்யும் கறுத்த விரல்களுக்கு இதைப் பொருத்திப் பார்க்க வேண்டாமா? சந்தேகம் இருந்தால் தமனி ரத்தத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்டீராய்டும் அப்படித்தான். டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம், பத்து நாள்வரை. 2020 ஜூனில் பிரிட்டன் ஆய்வில் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்த மலிவான மருந்து அது. அதையே கூடுதலாகவும் நீண்ட நாளும் கொடுத்து, சர்க்கரையைக் கவனிக்காமல் விட்ட இடங்களில் கறுப்புப் பூஞ்சை வந்து கண்ணைப் பிடுங்கியது.

அதனால் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்லி அனுப்பிய கேள்விகள் இவைதான்: "இன்னைக்குத் திருப்பிப் படுக்க வெச்சீங்களா? முதுகுல புண்ணு இருக்கா? சுகர் எவ்வளவு? மயக்க மருந்தை நிறுத்திப் பாத்தீங்களா? ஒண்ணுக்கு எவ்வளவு போயிருக்கு?" கேட்டதற்காக வெளியே போ என்று விரட்டப்பட்டவர்களும் உண்டு, மறுநாளிலிருந்து மருத்துவரே வந்து விளக்கியதும் உண்டு. கைலி கட்டிக்கொண்டு நிற்பவர் கேள்வி கேட்பது சிலருக்கு இன்னும் பழகவில்லை.

தமிழ்நாட்டில் கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31-க்குப் பிறகு நீட்டிக்கப்படவில்லை. அக்காவும் அதில் ஒருவர்.

அவருடைய எட்டுப் பேரில் ஒருவர் எங்கள் பகுதியில் பெயின்ட் அடிக்கும் அண்ணன். 23 நாள் வென்டிலேட்டரில் இருந்து வீட்டுக்கு வந்தபோது அவரால் தண்ணீர் டம்ளரைத் தூக்க முடியவில்லை. படுத்தே கிடந்ததில் தசை எல்லாம் கரைந்திருந்தது. இரவில் யாரோ கட்டிப்போட்டிருப்பதாகக் கத்துவார். டிஸ்சார்ஜ் சீட்டில் பிசியோதெரபி என்று ஒரு வரி இருந்தது, அதற்குப் போக பஸ் காசு யார் தருவது என்று இல்லை. அவர் மனைவி செங்கல்லை உறையில் போட்டுத் தூக்க வைத்துப் பழக்கினார். நாங்கள் முறை வைத்து மாலையில் தெருமுனை வரை நடத்திக் கூட்டிப்போனோம். ஏழு மாதம் ஆனது. இப்போது ஏணி ஏறுகிறார். இரண்டாவது மாடிக்கு மேல் வேலை எடுப்பதில்லை.