கோப்பையும் தராசும்

ஆங்கிலேயரின் சமையலறையிலே தராசு ஒன்று பெரும்பாலும் இருக்கும். கேக்குச் செய்வதாயினும் பிஸ்கற்றுச் செய்வதாயினும் மாவையும் சீனியையும் நிறுத்தெடுப்பதே அந்நாட்டு வழக்கு. அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலுள்ள அமெரிக்கரோ அவற்றைக் கோப்பையால் அளந்தெடுப்பர். மொழி ஒன்றே, கேக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் அமெரிக்கச் செய்முறை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் நுழையும் ஆங்கில மாது முதல் வரியிலேயே தயங்கி நிற்கிறாள். மூன்று கோப்பை மா என்று அதிலே எழுதியிருக்கிறது. எந்தக் கோப்பை? தேநீர் அருந்துகின்ற கோப்பையா?

இவ்வையம் நியாயமானதே. அமெரிக்கக் கோப்பை என்பது அரைப் பைந்து. ஆனால் எந்த நாட்டுப் பைந்து என்பதிலேதான் வில்லங்கம் இருக்கிறது. 1824 ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம் பழைய கலன்களை நீக்கி, பத்து இறாத்தல் நீர் கொள்ளும் புதிய கலன் ஒன்றைச் சட்டமாக்கியது. அதற்கு முன்னரே பிரிந்துபோன அமெரிக்கர், ஆன் அரசி காலத்துத் திராட்சரசக் கலனை, அஃதாவது 231 கன அங்குலம் கொண்ட பழைய கலனையே, கைவிடாது வைத்துக்கொண்டனர். அதனால் இன்று பிரித்தானியப் பைந்து 568 மில்லிலீற்றர். அமெரிக்கப் பைந்து 473 மில்லிலீற்றர். அமெரிக்கக் கோப்பை 237 கொள்ள, பிரித்தானிய அரைப் பைந்து 284 கொள்ளும். ஐந்திலொரு பங்கு வித்தியாசம். போதாக்குறைக்கு 250 மில்லிலீற்றர் கொள்ளும் மெற்றிக் கோப்பைகளும் இங்கிலாந்துக் கடைகளிலே விற்பனைக்கு இருக்கின்றன.

கோப்பை பெரிதாயின் என்ன, எல்லாவற்றையும் ஒரே கோப்பையால் அளந்தால் விகிதம் மாறாதன்றோ என்று கேட்கலாம். அரிசிக்கும் தண்ணீருக்கும் ஒரே சுண்டைப் பிடிக்கின்ற எம் தாய்மாருக்கு இது தெரிந்த கணக்கே. ஆனால் கேக்கிலே முட்டை என்று ஒன்று குறுக்கிடுகிறது. அமெரிக்காவிலே 'ஒன்று இரண்டு மூன்று நான்கு' என்று பெயர்பெற்ற பழைய கேக்கு ஒன்றுண்டு: ஒரு கோப்பை பட்டர், இரண்டு கோப்பை சீனி, மூன்று கோப்பை மா, நான்கு முட்டை. கோப்பை பெருத்தால் முதல் மூன்றும் பெருக்கும். முட்டை நான்கு நான்காகவே இருக்கும். அம்முட்டையிலும் ஒரு சூது உண்டு. அமெரிக்கர் 'பெரியது' என்று விற்கும் முட்டை ஓட்டுடன் ஏறக்குறைய 57 கிராம். பிரித்தானியாவிலே 'பெரியது' என்றால் 63 கிராமுக்குக் குறையாது. அமெரிக்கருடைய பெரியது அங்கே நடுத்தரமாகிவிடுகிறது. ஆங்கிலேயரின் பழைய முறை இத்தொல்லையை அறியாதது. அவர்கள் முட்டைகளை ஓட்டோடு தராசிலே வைத்து, அதே நிறைக்குப் பட்டரும் சீனியும் மாவும் எடுத்தனர். எமக்கு அம்முறையிலே மிக்க மதிப்புண்டு.

இனி மாவுக்கு வருவோம். தண்ணீரும் பாலும் கோப்பைக்கு அடங்கியவை. சீனியும் அவ்வளவாக ஏமாற்றாது. அமெரிக்கக் கோப்பையொன்றிலே 200 கிராம் வரையில் நிற்கும். பட்டருக்கோ அமெரிக்கர் கோப்பையையே எடுப்பதில்லை. அரைக் கோப்பைக்குச் சரியான 113 கிராம் கட்டிகளாகவே கடையில் வாங்குகின்றனர். மா அப்படியன்று. கரண்டியால் மெல்ல அள்ளிப்போட்டுத் தலை தட்டினால் ஒரு கோப்பை 120 கிராம். அதே கோப்பையை மாப் பைக்குள் அமிழ்த்தி அள்ளித் தலை தட்டினால் 140 கிராமுக்கு மேலும் போகும். கோப்பையும் ஒன்று, மாவும் ஒன்று; கை மாத்திரம் வேறு. 1896 ஆம் ஆண்டிலே பொஸ்ரன் நகரத்துச் சமையல் ஆசிரியை ஃபனி ஃபாமர் அம்மையார் தமது பெரும் நூலை வெளியிட்டபோது, குவித்தளக்கும் வழக்கத்தை விலக்கித் தலை தட்டி அளத்தலை வற்புறுத்தினார். அமெரிக்க இல்லங்களிலே அது நிலைத்தும் விட்டது. ஆயினும் தலை தட்டுவதற்கு முன் கோப்பைக்குள்ளே மா எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைக் கத்தியின் முதுகு அறியாது.

2019 ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையிலே இலண்டன் புறநகரொன்றில் எமது தங்கையின் இல்லத்திலே தங்கியிருந்தோம். அடுத்த வீட்டிலே எழுபது வயது கடந்த ஆங்கில மூதாட்டி ஒருவர். அவருடைய மகன் மணந்தது அமெரிக்கப் பெண்ணை. அப்பெண்ணின் தாயார் அவ்வாண்டு தொடக்கத்திலே காலமாகிவிட்டார். மகளுடைய பிறந்தநாள் தோறும் அந்தத் தாய் செய்துவந்த கேக்கு மேற்சொன்ன 'ஒன்று இரண்டு மூன்று நான்கு' தான். தாயின் கையெழுத்திலே ஓர் அட்டை மிஞ்சியிருந்தது. ஒக்ரோபரில் வரும் பிறந்தநாளுக்கு அதனைத் தாமே செய்து கொடுக்க மாமியார் விரும்பினார். தாயில்லாத முதலாவது பிறந்தநாள் அல்லவா?

அவர் புத்தகமொன்றின் அட்டவணையைப் பார்த்துக் கோப்பைக்கு 120 கிராமாக மூன்று கோப்பைக்கும் 360 கிராம் மா நிறுத்து ஒருமுறை செய்து பார்த்தார். கேக்கு மென்மையாகத்தான் வந்தது. ஆனால் நடுவிலே தாழ்ந்து ஈரமாயிருந்தது. மருமகள் சொல்லக் கேட்டிருந்தது இறுக்கமான, துண்டு வெட்டினால் உதிராத கேக்கு. என்ன பிழை என்று அவர் எமது தங்கையைக் கேட்க, தங்கை பௌதிகம் கற்பிக்கும் தமையன் ஒருவன் வீட்டில் இருக்கிறானே என்று அவரை எம்மிடம் அழைத்து வந்தாள்.

அட்டவணையிலுள்ள 120 கிராம் வேறொருவருடைய கையின் கணக்கு என்று கூறினோம். அந்தத் தாய் மாவை எப்படி எடுத்தார் என்று மருமகளையே கேட்கும்படியும் கூறினோம். கேட்பதற்கு மூதாட்டி மிகவும் கூசினார். ஆறாத புண்ணைத் தொடுவதாகுமே என்றார். இரண்டு நாட் கழித்து ஒருவாறு தொலைபேசியிலே கேட்டுவிட்டார். மருமகள் சற்றும் தாமதியாது சொன்னாளாம்: அம்மா கோப்பையை மாப் பேணிக்குள் அமிழ்த்துவார், மேசையிலே ஒரு தட்டுத் தட்டுவார், கத்தியால் வழிப்பார், அந்தத் தட்டும் ஓசை கேட்டுத்தான் தாம் அடுப்படிக்கு ஓடிவருவதாம். பின்னர் அரை மணி நேரம் தாயாரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாளாம்.

அப்படியே 237 மில்லிலீற்றர் கோப்பையொன்றைத் தேடி வாங்கி, மூதாட்டி அமிழ்த்தித் தட்டி வழித்தார். நாம் தராசைப் பார்த்திருந்தோம். முதலாவது 142 கிராம், அடுத்தது 138, மூன்றாவது 143. ஆக 423 கிராம். அட்டவணைக் கணக்கிலும் 63 கிராம் மிகை; அரைக் கோப்பைக்கு மேல். முட்டையை நடுத்தரமாக மாற்றினோம். தாமே பொங்கும் மாவை விலக்கிச் சாதாரண மாவையும் பேக்கிங் பவுடரையும் எடுத்தோம். அட்டையிலே கண்ட 350 பாகை பரனைற்று ஆகையால், 180 பாகை செல்சியசிலே வேகவைத்தார். நடு இம்முறை தாழவில்லை.

கிராம் கணக்கை அந்த அட்டையிலேயே எழுதிவிடுவோமா என்று கேட்டோம். அவர் சம்மதிக்கவில்லை. வேறொரு கடதாசியிலே பென்சிலால் எழுதி, அட்டையின் பின்னே செருகி வைத்தார். பிறந்தநாள் வருமுன்னரே நாம் யாழ்ப்பாணம் திரும்பிவிட்டோம். கேக்கு நன்றாக வந்ததென்றும், மருமகள் ஒன்றும் பேசாமல் இரண்டாவது துண்டையும் எடுத்தாளென்றும் தங்கை எழுதியிருந்தாள்.